கப்பலில் வந்த கொசு

பினாங்கில் டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி அந்தத் தீவின் பூர்வீகக் கொசு அல்ல. ஆப்பிரிக்கக் காடுகளின் மரப்பொந்து நீரில் பெருகிய இனம் அது. மனிதர் சேமித்த நீருக்குப் பழகிய பின், கப்பல்களின் தண்ணீர்ப் பீப்பாய்களோடு உலகைச் சுற்றியது. தானாகப் பறந்தால் சில நூறு மீட்டர் போவதே அதிகம். அதைக் கடல் கடத்தியதில் முட்டைக்குப் பெரும் பங்கு உண்டு. பாத்திரத்தின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, அரை மில்லிமீட்டர் அளவுக் கறுப்புப் பொட்டாக ஒட்டியிருக்கும். நீர் வற்றினாலும் மாதக்கணக்கில் சாகாது. மறுபடி நனைந்ததும் பொரிந்துவிடும். 1786-இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் அமைத்த குடியேற்றம் சுங்கவரியற்ற துறைமுகமாக வளர்ந்தது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் கப்பல் போக்குவரத்து மேலும் பெருகியது. மலாயாவில் டிங்கி பற்றிய முதல் மருத்துவக் குறிப்பு 1902-இல் பினாங்கிலிருந்து வந்தது. ரத்தக்கசிவு டிங்கி 1962-இல் இந்நாட்டில் முதலில் பதிவானதும் அங்கேதான். இவை தற்செயலாக நேர்ந்தவை என்று எனக்குத் தோன்றவில்லை.

இப்பகுதியிலேயே தோன்றிய ஏடிஸ் அல்போபிக்டஸும் டிங்கியைப் பரப்புகிறதே, வந்தேறியை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அல்போபிக்டஸ் தோட்டத்திலும் புதரிலும் திரிவது. கிடைத்த விலங்கையும் கடிக்கும். எஜிப்தியோ வீட்டுக்குள் அலமாரியின் பின்னும் தொங்கும் துணியிலும் பதுங்கி, பெரும்பாலும் மனித ரத்தத்தையே நாடும். குடிக்கும்போது தட்டிவிட்டால் அடுத்தவரைக் கடிக்கும். சுவரோடு சுவர் ஒட்டிய, பினாங்கின் ஜார்ஜ்டவுன் கடைவீடுகளில் அதனால்தான் ஒரு கொசு ஒரே குடும்பத்தில் பலரைப் படுக்க வைக்க முடிகிறது.

வந்து நூறாண்டுக்கு மேலாகிவிட்டது, இனி இந்த வரலாற்றால் என்ன பயன் என்பது இன்னொரு மறுப்பு. வந்த வழி இன்னும் அடைபடவில்லை என்பதே பதில். கொசுவே இல்லாதிருந்த ஹவாய்த் தீவுகளுக்கு 1826-இல் ஒரு கப்பலின் தண்ணீரோடு குலெக்ஸ் கொசு போய்ச் சேர்ந்தது. பின்னாளில் அது பரப்பிய பறவை மலேரியாவால் அங்கு மட்டுமே வாழ்ந்த பறவையினங்கள் பல அழிந்தன. பிரேசிலில் எஜிப்தி முற்றாக ஒழிந்துவிட்டதாக 1958-இல் அறிவிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் அது திரும்பிவிட்டது. ஆசியாவின் அல்போபிக்டஸ் பழைய டயர்களில் தேங்கிய மழைநீரோடு 1985-இல் ஹூஸ்டனில் காணப்பட்டது. புகை மருந்து பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். சுவரில் ஒட்டிய முட்டையை அது தொடுவதில்லை. ஆகவே வீட்டில் தொட்டியின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுவதைப் போலவே, துறைமுகத்தில் இறங்கும் பழைய டயர்களைச் சோதிப்பதும் டிங்கித் தடுப்பு வேலைதான்.