பனிச்சறுக்குப் பலகையும் பைபர் படகும்

பனியை மார்கழி விடியலின் மூட்டமாக மாத்திரமே அறிந்த தேவனாம்பட்டினத்துக் கடற்கரையில், குல்மார்க்கின் சரிவுகளில் வழுக்கியோடும் பனிச்சறுக்குப் பலகையைப் பற்றிப் பேசுவது விசித்திரமாகத் தோன்றலாம். ஆயினும் அதனைத் தானே செய்துபார்க்க விழையும் மாணவன் பயிலவேண்டிய வித்தையின் பெரும்பகுதியை, இங்குப் பைபர் படகுகளைச் செப்பனிடுவோரிடமே கற்கலாம்.

மரத்தில் இழைத்துவந்த அப்பலகையை, அமெரிக்க விமானப் பொறியாளர் ஹோவர்டு ஹெட், அலுமினியத் தகடுகளுக்கிடையே மரத்தை ஒட்டிச் சமைத்து 1950-ல் விற்பனைக்குக் கொணர்ந்தார்; பிற்காலத்தில் தகட்டின் ஸ்தானத்தைப் பெரிதும் கண்ணாடியிழை பெற்றது. பலகை வளைகையில் இழுவிசையும் அழுத்தமும் மேற்பரப்புகளிலேயே உச்சமடைவதால், உறுதியான இழை வெளிப்புறத்திலும் இலேசான மரம் நடுவிலும் அமைவது மிகவும் உசிதமானது.

பைபர் படகும் இதே கண்ணாடியிழையால் ஆனதே. அதன் விரிசலைத் தேய்த்துச் சுத்தஞ்செய்து, இழைத்துணியை விரித்து, கெட்டியாக்கும் திரவம் கலந்த பிசினைத் தூரிகையால் தடவுங்கால், வெண்ணிறத் துணி நனைந்து கண்ணாடிபோலத் தெளிகிறது. உடனே உருளையால் காற்றுக் குமிழிகளை வெளியேற்றுகிறார்கள், ஏனெனில் குமிழி தங்கிய இடமே பின்னர் பிளக்கும் இடம். பலகைக்கும் இதே பக்குவந்தான். எப்பாக்ஸிப் பிசின் பூசிய அடுக்குகளை, நடுப்பகுதி சற்றே மேலெழும்பிய அச்சின்மீது இறுக்கிக் கட்டி, பிசின் இறுகும்வரை அசையாது வைத்தல் வேண்டும். இழைத்தூள் சுவாசத்துக்குக் கேடாதலால், கையுறையும் முகக்கவசமும் அணிந்து, காற்றோட்டமுள்ள இடத்தில் ஆசிரியரின் மேற்பார்வையிலேயே மாணவர்கள் இதில் ஈடுபடுவாராக.