ஜெனரல் ட்சோ சிக்கன்: தளபதி ருசிக்காத டிஷ்... வீட்டிலேயே மொறுமொறுவென செய்வது எப்படி?

அமெரிக்க சீரியல்களில் அடிக்கடி ஒரு காட்சி வரும். ஆபீஸ் முடிந்து களைப்பாக வரும் ஹீரோ, வெள்ளை அட்டை டப்பாவைத் திறந்து சாப்ஸ்டிக்கால் சாப்பிடுவார். அந்த டப்பாக்களில் பெரும்பாலும் இருக்கக்கூடிய ஒரு டிஷ், ஜெனரல் ட்சோ சிக்கன். பொரித்த கோழித் துண்டுகள், பளபளக்கும் சாஸ், இனிப்பும் காரமும் கலந்த சுவை.

அமெரிக்காவில் சைனீஸ் ஹோட்டல் என்றாலே மெனுவில் இது இருக்கும். ஆனால், சீனாவில் தேடினால் கிடைப்பது கஷ்டம். ஏன் அப்படி?

யார் இந்த ஜெனரல் ட்சோ?

ட்சோ ட்சுங்டாங் (1812-1885) சீனாவின் ஹூனான் மாகாணத்தில் பிறந்தவர், சிங் பேரரசின் முக்கியத் தளபதி. ஆனால், இந்த சிக்கனை அவர் ஒரு வாய்கூடச் சாப்பிட்டதில்லை. அவர் இறந்து சுமார் 70 ஆண்டுகள் கழித்துத்தான் டிஷ்ஷே பிறந்தது.

உருவாக்கியவர் பெங் சாங்-குய். அவரும் ஹூனான்காரர். 1949-ல் உள்நாட்டுப் போரில் கம்யூனிஸ்ட்டுகள் வென்றபோது, தேசியவாத அரசுடன் தைவானுக்குப் போனவர். அங்கே அரசு விருந்துகளுக்குச் சமைத்தார். 1950-களில் அமெரிக்கக் கடற்படை அட்மிரல் ஆர்தர் ராட்ஃபோர்டு தைவான் வந்தபோது, விருந்தில் புதிதாக ஒன்று வைக்க நினைத்துச் செய்ததுதான் இது என்று பெங் சொல்லியிருக்கிறார். பெயருக்குத் தன் ஊர்த் தளபதியை எடுத்துக்கொண்டார்.

அந்த முதல் சிக்கனில் புளிப்பு, காரம், உப்பு மூன்றும் தூக்கலாக இருக்கும். சர்க்கரை கிடையாது.

இனிப்பு எப்படி வந்தது?

1970-களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் ஹூனான் உணவுக்கு திடீர் மவுசு. 1972-ல் அதிபர் நிக்சன் சீனா சென்றதும் ஆர்வம் இன்னும் கூடியது. டி.டி.வாங் என்ற சமையல் கலைஞர், கோழிக்கு மொறுமொறு மேல்மாவும் இனிப்பு சாஸும் சேர்த்து அமெரிக்க நாக்குக்கு ஏற்ப மாற்றினார்.

பெங் 1973-ல் நியூயார்க் வந்து சொந்த உணவகம் திறந்தார். அப்போது அவருடைய டிஷ்ஷின் இனிப்பு வடிவம் ஏற்கெனவே அங்கே இருந்தது! கடைசியில் அமெரிக்க வாடிக்கையாளர்களுக்காக அவரும் செய்முறையை மாற்ற வேண்டியிருந்தது.

இதைவிடப் பெரிய சோகம் பிறகு நடந்தது. 1990-ல் ஹூனான் தலைநகர் சாங்ஷாவில் உணவகம் திறந்து, இந்த சிக்கனைச் சொந்த மண்ணுக்குக் கொண்டுபோனார் பெங். ஊர்க்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. ‘ரொம்ப இனிப்பு’ என்று ஒதுக்கிவிட்டார்கள். உணவகம் நீடிக்கவில்லை. பெங் 2016-ல், 98 வயதில் காலமானார்.

சரி, வீட்டில் எப்படிச் செய்வது?

இரண்டு, மூன்று பேருக்கு எலும்பில்லாத தொடைக்கறி அரை கிலோ போதும். நெஞ்சுக்கறி சீக்கிரம் வறண்டுவிடும். ஒரு அங்குலத் துண்டுகளாக நறுக்கி, ஒரு டேபிள்ஸ்பூன் சோயா சாஸ், ஒரு முட்டையின் வெள்ளைக்கரு, கொஞ்சம் மிளகுத்தூள் சேர்த்து அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் ஊற வையுங்கள். சோயா சாஸிலேயே உப்பு இருப்பதால் தனியாக வேண்டாம்.

பிறகு முக்கால் கப் கார்ன்ஃப்ளாரில் துண்டுகளைப் புரட்ட வேண்டும். கடையில் ‘சோள மாவு’ என்று கேட்டால் சில நேரம் மஞ்சள் மக்காச்சோள மாவைக் கொடுத்துவிடுவார்கள். தேவை, வெள்ளை கார்ன்ஃப்ளார். மைதாவில் உள்ள குளூட்டன் இதில் இல்லை. அதனால்தான் மேல்பகுதி மெல்லிசாக, மொறுமொறுப்பாக வரும்.

ஏன் இரண்டு முறை பொரிக்க வேண்டும்?

சாஸில் போட்ட சிக்கன் ஐந்தே நிமிடத்தில் சொதசொதவென ஆகிவிடுகிறதா? முதல் முறை மிதமான சூட்டில் (160 டிகிரி செல்சியஸ்) நான்கைந்து நிமிடம் பொரித்தால் உள்ளே வெந்துவிடும். எடுத்து ஐந்து நிமிடம் ஆறவிட்டால், உள்ளிருக்கும் ஈரம் மேல்பகுதிக்கு வரும். இரண்டாவது முறை 190 டிகிரியில் ஒன்றிரண்டு நிமிடம் பொரிக்கும்போது அந்த ஈரம் ஆவியாகி, மேலோடு இறுகும். ஒரே நேரத்தில் எல்லாத் துண்டுகளையும் கொட்டாதீர்கள். எண்ணெயின் சூடு இறங்கிவிடும். ஒரு பெரிய துண்டை வெட்டிப் பார்த்து, உள்ளே இளஞ்சிவப்பு இல்லை என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

சாஸுக்கு சோயா சாஸ் இரண்டு டேபிள்ஸ்பூன், வினிகர் இரண்டு, சர்க்கரை மூன்று, அரை கப் தண்ணீர், இரண்டு டீஸ்பூன் கார்ன்ஃப்ளார். எல்லாவற்றையும் கட்டியில்லாமல் முன்பே கலந்து வையுங்கள். கடாயில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு, ஏழெட்டு காய்ந்த மிளகாய், பொடியாக நறுக்கிய இஞ்சி, பூண்டைப் போடுங்கள். மிளகாய் கருகினால் கசக்கும், கவனம். வாசனை வந்ததும் சாஸை ஊற்றினால் ஒரு நிமிடத்தில் கெட்டியாகிப் பளபளக்கும். சிக்கனைப் போட்டு இரண்டு புரட்டு புரட்டி அடுப்பை அணைத்துவிடுங்கள். அவ்வளவுதான்.

மேலே வெங்காயத்தாள் தூவி, சூடான வெள்ளைச் சாதத்துடன் உடனே பரிமாறுங்கள். சாப்பிட நேரமாகும் என்றால் சாஸையும் சிக்கனையும் தனித்தனியாக வைத்து, கடைசி நிமிடத்தில் கலக்கலாம்.

சர்க்கரை எவ்வளவு என்பது உங்கள் விருப்பம். மூன்று ஸ்பூன் போட்டால் நியூயார்க் சுவை. சர்க்கரையை விட்டுவிட்டு, கூட நாலு மிளகாய் சேர்த்தால், பெங் முதலில் நினைத்த ஹூனான் சுவைக்குக் கொஞ்சம் பக்கத்தில் போகலாம்.