சாம்போர்ன் இல்லம்: ஒரு வீட்டை வாசித்தல்

இலண்டன் மாநகரின் கென்சிங்டன் பகுதியில், ஸ்டாஃபர்ட் டெரஸ் தெருவின் 18ஆம் எண் வீடு 19ஆம் நூற்றாண்டின் கலையையும் இல்லற வாழ்வையும் ஒருங்கே காட்டும் அருங்காட்சியகமாகும். 'பஞ்ச்' நகைச்சுவை இதழின் ஓவியர் எட்வர்ட் லின்லி சாம்போர்ன், மனைவி மேரியனுடன் 1875இல் இங்குக் குடிபுகுந்து, 1910இல் மறையும்வரை வாழ்ந்தார். பின்னர் மகன் ராய் வீட்டைப் பெரிதும் மாற்றாமல் காத்தார். விக்டோரியக் கலை இகழப்பட்டுவந்த காலத்தில், அதனைப் பேணும் விக்டோரியன் சங்கம் உருவாக வழிவகுத்த கூட்டம் 1957இல் இவ்வீட்டிலேயே கூடியது. 1980இல் வீடு பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

பெருஞ்செல்வர் மாளிகைகளில் காணவியலாத ஒன்றை இங்குக் காண்கிறோம். சாம்போர்ன் சுவர்களுக்கு விலையுயர்ந்த தோல்போன்ற தாளை ஒட்டியபோது, சட்டமிட்ட படங்கள் மறைக்கும் இடங்களை விட்டுவிட்டார். அவற்றின் பின்னே வில்லியம் மாரிஸ் வடிவமைத்த பழைய தாள் எஞ்சியது. செல்வத் தோற்றமும் சிக்கனமும் ஒரே சுவரில் அமைந்துள்ளன. ஓவியத்திற்கு முன்மாதிரியாக அவர் ஆயிரக்கணக்கான ஒளிப்படங்களை எடுத்தார்; குளியலறையே படங்களைக் கழுவும் இடமாகவும் பயன்பட்டது. வீடு உறைவிடமாக மட்டுமன்றித் தொழிற்கூடமாகவும் இயங்கியது.

பொருள்கள் உணர்த்தாதவற்றை மேரியன் 1881 முதல் எழுதிய நாட்குறிப்புகள் உணர்த்துகின்றன. விருந்து, செலவு, உடல்நலம், பணியாளர் பற்றிய கவலை ஆகியன அவற்றில் இடம்பெறுகின்றன. நெருக்கமாக அடுக்கப்பட்ட பீங்கான்களைத் துடைத்தவர்களும், அடுப்புகளுக்கு நிலக்கரி சுமந்தவர்களும் பணிப்பெண்களே. எனினும், அவர்களை நாம் பெரிதும் எசமானியின் எழுத்து வழியாகவே அறிகிறோம் என்பதை மறத்தலாகாது.

தமிழில் 'அகம்' என்னும் சொல் வீட்டையும் உள்ளத்தையும் குறிக்கும். இவ்வகத்தில் வாழ்ந்தவரே 1892இல், கெய்ரோவில் ஒரு காலும் தென்னாப்பிரிக்க முனையில் மறுகாலும் ஊன்றிய சிசில் ரோட்சின் உருவத்தை வரைந்தார். காலனிய ஆட்சியின் அடையாளமாக வரலாற்று நூல்கள் பலவற்றில் இடம்பெறும் படம் அது. பேரரசின் கனவு அரசவையில் மட்டும் உருப்பெறவில்லை. இத்தகைய வரவேற்பறைகளிலும் வார இதழாக விரிந்து, நகைப்புக்குரிய பொருளாகப் பழகிப்போனது.

எனவே, மாணவரை வரலாற்று இல்லங்களுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், 'இஃது என்ன பொருள்?' என்ற வினாவோடு நிறுத்தலாகாது. இதனை யார் வாங்கினார், யார் துடைத்தார், யார் எழுதிவைத்தார் என்றும் வினவச் செய்தல் வேண்டும். அப்போதே வீடு ஒரு வரலாற்றுச் சான்றாகும்.