ஆல்பர்ட் அய்லரின் இரண்டு மாலைகள்

நேரடி ஒலிப்பதிவு: 1970 ஜூலை 25, 27
முழுத் தொகுப்பு: 2022

தெற்கு பிரான்சின் சேன்-போல்-த-வான்ஸ் ஊரில் உள்ள மாக் கலை அறக்கட்டளையில், அமெரிக்க டெனர் சாக்ஸபோன் மேதை ஆல்பர்ட் அய்லர் இரண்டு கச்சேரிகள் செய்தார். பிரெஞ்சு வானொலி அவற்றைப் பதிவு செய்தது. ஷாந்தார் நிறுவனம் அவற்றில் ஒரு பகுதியை மட்டும் இரண்டு இசைத்தட்டுகளாக வெளியிட்டது. முழுப் பதிவும் ‘ரெவலேஷன்ஸ்’ என்ற பெயரில் வெளிவர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

அய்லரின் இசை ஃப்ரீ ஜாஸ் வகையைச் சேர்ந்தது. இவ்வகைக் கலைஞர்கள் முன்பே வகுத்த சுரக்கூட்டு (கார்டு) வரிசைக்கும் சீரான தாளக்கட்டுக்கும் பெரும்பாலும் கட்டுப்படுவதில்லை. தேவாலயப் பாடல் போன்ற எளிய மெட்டில் அய்லர் தொடங்குவார். சற்று நேரத்தில் அது விம்மலாகவும் கூவலாகவும் உடைந்து பரவும். டிரம்ஸில் ஆலன் பிளேர்மன் தாளத்தை எண்ணிக் கொடுக்காமல், ஓசையை அலை அலையாக எழுப்புகிறார். பாஸ் வாசிப்பவர் ஸ்டீவ் டின்ட்வைஸ். மேரி மரியா பார்க்ஸ் பாடுகிறார், சோப்ரானோ சாக்ஸபோனும் வாசிக்கிறார்.

முதல் கச்சேரியில் பியானோ இல்லை. இரண்டாவதில் கால் காப்ஸ் பியானோவுடன் சேர, இசைக்குப் புதிய கனிவு கிடைக்கிறது. ஹெட்ஃபோனை அணிந்து இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்; வேறுபாடு உடனே புலப்படும்.

1970 நவம்பரில், 34 வயதில், அய்லர் நியூயார்க்கில் இறந்தார்.