பழைய எஞ்சினுக்கு ஏற்ற எண்ணெய்

கொத்தமங்கலம் முதலான செட்டிநாட்டு ஊர்களில் பெரிய வீடுகள் பல, திருமணத்திற்கும் திருவிழாவிற்கும் மட்டுமே திறக்கப்படுகின்றன. அத்தகைய வீட்டின் கொட்டகையில் ஒரு பழைய அம்பாசிடர் காரும் மாதக்கணக்கில் உறங்குமாயின், அதற்கு எந்த எண்ணெயை ஊற்றுவது என்ற கேள்வி எழும். மிகப் புதியதும் விலை மிகுந்ததுமே சிறந்தது என்று பலரும் கருதுவர். இக்கருத்து பழைய எஞ்சினைக் கெடுத்துவிடவும் கூடும். அஃது எவ்வாறு என்பதை அறிய எஞ்சினுக்குள் சற்று நோக்குதல் வேண்டும்.

இங்கிலாந்தில் வடிவமைக்கப்பட்ட 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சின் அம்பாசிடரில் நெடுங்காலம் பொருத்தப்பட்டு வந்தது. அதன் எட்டு வால்வுகளையும் திறப்பது கேம் ஷாப்ட் என்னும் தண்டு. இத்தண்டிலுள்ள முட்டை வடிவ மேடுகள், டாப்பெட் எனப்படும் குமிழ்களின் தட்டையான அடியில் உரசி அவற்றை மேலே தள்ளுகின்றன. கிராங்க் ஷாப்ட் இரு முறை சுழலும்போது கேம் ஷாப்ட் ஒரு முறை சுழலும். நிமிடத்திற்கு 3000 சுற்று ஓடும் எஞ்சினில், ஒவ்வொரு மேடும் நொடிக்கு 25 முறை தன் டாப்பெட்டைத் தேய்த்துச் செல்கிறது என்று கணக்கிட்டுக் கொள்ளலாம்.

தாங்கிகளில் சுழலும் தண்டு எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதக்கிறது. மேட்டின் நுனியிலோ வால்வுச் சுருளின் விசை முழுவதும் மிகச் சிறிய பரப்பில் விழுவதால், படலம் நசுங்கி விலகிவிடுகிறது. அங்கே இரும்பைக் காப்பது எண்ணெயில் கலந்துள்ள துத்தநாக, பாஸ்பரஸ் சேர்மமே. உரசலின் வெப்பத்தில் இது சிதைந்து, கண்ணாடியை ஒத்த பாஸ்பேட் பூச்சாக இரும்பின்மேல் படிகிறது. தலைமயிரைவிடப் பல நூறு மடங்கு மெல்லிய அப்பூச்சு, இரும்புக்குப் பதிலாகத் தான் தேய்ந்து, மீண்டும் மீண்டும் உருவாகிக் கொண்டிருக்கிறது.

இத்தகைய காவலனை எண்ணெயில் குறைத்ததற்குக் காரணம் புகைக்குழாய். இந்தியாவின் நான்கு பெருநகரங்களில் 1995 முதல் புதிய பெட்ரோல் கார்களில் வினையூக்கி மாற்றி கட்டாயமாயிற்று. எஞ்சினில் எரிந்துபோகும் எண்ணெயிலுள்ள பாஸ்பரஸ், அம்மாற்றியின் விலையுயர்ந்த உலோகப் பரப்பை மூடிச் செயலிழக்கச் செய்யும். ஆகவே 2004இல் வந்த ஏ.பி.ஐ. எஸ்.எம். தரம், 5 டபிள்யூ 30, 10 டபிள்யூ 30 போன்ற மெல்லிய எண்ணெய்களில் பாஸ்பரஸ் 0.08 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது என வரையறுத்தது. உருளும் சக்கரத்தால் மேட்டைத் தொடும் புதிய எஞ்சின்களுக்கு இக்குறைவால் தீங்கில்லை. தட்டை டாப்பெட்டுகளோ தேய்கின்றன.

எனவே டப்பாவின் முகப்பைக் காட்டிலும் தயாரிப்பாளர் வெளியிடும் விவரத்தாளைப் பார்ப்பதே முறை. பாஸ்பரஸ் 0.10 முதல் 0.12 விழுக்காடு வரை உள்ள எண்ணெய் ஏற்றது. மேற்கூறிய வரம்பு 20 டபிள்யூ 50 போன்ற தடித்த எண்ணெய்களைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் தடிப்பு மட்டுமே காவலாகாது, விவரத்தாளைப் பார்த்தே வாங்க வேண்டும். லாரிகளுக்கென்று விற்கும் 15 டபிள்யூ 40, சி.ஐ.4 தர எண்ணெயிலும் இச்சேர்மம் போதிய அளவு இருப்பது வழக்கம். கௌரவம் பார்க்கும் கார்க்காரர் இதைக் கேட்டு முகம் சுளிக்கக்கூடும். கேம் ஷாப்ட்டுக்கு அந்தக் கௌரவம் தெரியாது! துத்தநாகம் நல்லதென்று தனிப் புட்டிகளை வாங்கி மேலும் மேலும் ஊற்றுவதும் தவறே. அளவு மிஞ்சினால் அதுவே இரும்பை அரிக்கும். கியர் எண்ணெயையும் எஞ்சினில் கலக்கலாகாது.

நெடுநாள் நின்ற காரில் மேடுகளிலிருந்து எண்ணெய் வடிந்து போயிருக்கும். அதை உடனே முடுக்காமல், காயிலுக்கு வரும் மின்கம்பியைக் கழற்றிவிட்டு, எண்ணெய் அழுத்தமானியின் முள் எழும்வரை ஸ்டார்ட்டரால் சிறிது சிறிதாகச் சுழற்ற வேண்டும். ஓடாத காருக்கும் ஆண்டுக்கொரு முறை எண்ணெய் மாற்றுவது நலம். பழைய எண்ணெயில் சேரும் அமிலமும் ஈரமும் ஓட்டத்தைப் பொறுத்தவை அல்ல.

புதிய கேம் ஷாப்ட் பொருத்தியிருந்தால் முதல் இருபது நிமிடமே அதன் ஆயுளை முடிவு செய்கிறது. மேடுகளுக்கு எண்ணெய் பெரும்பாலும் கிராங்க் ஷாப்ட் வீசியடிக்கும் துளிகளாலேயே கிடைப்பதால், மெதுவாக ஓடவிட்டால் அது போதாது. ஆதலின் முடுக்கியவுடன் எஞ்சினை ஓய்வோட்டத்தில் விடாமல், நிமிடத்திற்கு ஏறக்குறைய 2000 சுற்றில் அந்த இருபது நிமிடமும் ஓட்டுவர்.