ஸ்டீயரிங் ஆட்டமும் ஒரு சின்னப் பின்னும்

உத்தர்பாராவில் அம்பாசடர் தயாரிப்பு 2014-இல் நின்றுவிட்டது. இன்னும் அந்த வண்டியை விடாமல் வைத்திருக்கும் கராச்சர்மா அன்பர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஸ்டீயரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது டை ராடு. அதன் முனையில், கிண்ணத்துக்குள் குண்டு பொருந்திய மூட்டு ஒன்று இருக்கிறது. அதன் ரப்பர் உறை கிழிந்தால் மழைநீரும் உப்பு ஈரமும் புகுந்து, கிரீஸ் கெட்டு, மூட்டு தேயும். பள்ளத்தில் 'டக்'கென்ற சத்தம், ஸ்டீயரிங்கில் ஆட்டம், டயரின் ஓரத்தில் தேய்மானம் ஆகியவை அறிகுறிகள். குண்டு கழன்றே விட்டால் அந்தச் சக்கரம் நம் பேச்சைக் கேட்காது.

பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக்கூடாது. டயரை இடமும் வலமும் பிடித்து அசைத்தால், தேய்ந்த மூட்டில் ஆட்டம் தெரியும்.

மாற்றுவதற்குச் சக்கரத்தைக் கழற்றி, லாக் நட்டைத் தளர்த்தவும். ஸ்பிளிட் பின்னையும் மூட்டின் நட்டையும் எடுத்தபின், ஸ்டீயரிங் ஆர்மின் பக்கவாட்டில் சுத்தியலால் தட்டினால் மூட்டு விடுபடும். பழைய முனை எத்தனை சுற்றில் கழன்றதோ, புதியதை அத்தனை சுற்றே ஏற்றவும். நட்டை நன்றாக முறுக்கியபின் பின் துளை நேராக வராவிட்டால், இன்னும் சற்று இறுக்கலாமே தவிர, தளர்த்தக்கூடாது.

பழைய ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தி மறுபடி போடாதீர்கள். வளைத்து நிமிர்த்திய கம்பி முறியும். ரயில்வேயில் நான் தொடக்கத்திலேயே கற்ற பாடம் இது. நட்டு கழலாமல் காப்பது அந்தச் சின்னப் பின்தான்.

லாக் நட்டை இறுக்கி, மெதுவாக ஓட்டிப்போய் வீல் அலைன்மெண்ட் பார்த்துவிடுங்கள்.