கூம்புகளுக்கு நடுவே ஒரு கார்!

"மோட்டார்ப் பந்தயமா, ஐயோ!" என்று பதறாதீர்கள், சகோதரிகளே! அமெரிக்காவின் 'ஆட்டோகிராஸ்' வேறு தினுசு. காலி மைதானத்தில் ஆரஞ்சு நிறக் கூம்புகளை வைத்து, வளைந்து வளைந்து பாதை போடுகிறார்கள். ஒரு தடவைக்கு ஒரே கார், போட்டி கடிகாரத்தோடுதான்! கடைக்குப் போய்வரும் சின்னக் காருக்கு நல்ல பிடிமானமுள்ள டயர் மாட்டினாலே போதும். அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் கிளப்பின் விதிப்படி, ஒரு கூம்பைத் தள்ளினால் 2 விநாடி அபராதம். பாதை தவறினாலோ அந்த ஓட்டமே கணக்கில் சேராது!

புதியவர் முதலில் பாதையை நடந்து பார்த்து மனப்பாடம் செய்துகொள்கிறார். காரில் ஏறியதும் வேகந்தான் ஜெயிக்கும் என்று தோன்றும். அங்கேதான் சூட்சுமம்! வேகத்தோடு வளைவில் நுழைந்தால் டயர் சறுக்கிக் கூம்பு உருளும். முன்னதாகவே பிரேக் போட்டு, அடுத்த வளைவில் கண் வைப்பவருக்கே நேரம் மிச்சம். பதறாத காரியம் சிதறாது என்பது சமையலறைக்கு மட்டுந்தானா?